மாடிக்கு ஒரு சிங்க்

ஜனவரி 19, திங்கள்

மண்டிக்கு லாரி ஆபீஸ்காரர் கொடுத்த டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் மூலையில் ஒரு லாரி ஓடுகிறது. "எனக்கு எழுத என்ன இருக்கு, வெங்காய விலைதான்" என்று இவர் என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு எழுத இருக்கிறது. மாடியில் எனக்கென்று ஒரு சமையலறை வருகிறது.

முதலிலேயே ஒன்றை எழுதி வைத்துவிடுகிறேன். சண்டை ஒன்றும் இல்லை. தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கீழ்வீட்டில் மச்சாண்டாரும் அவர் மனைவி வசந்தமணி அக்காவும்; அவர்கள் மகன் முகிலன் கோயம்புத்தூரில் படிக்கிறான். மேலே நானும் இவரும் மகள் இலக்கியாவும். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரே வெங்காய மண்டி. இத்தனை வருஷமும் சமையல் கீழேதான். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் அக்கா, "நீ வெங்காயம் உரிச்சுக் குடு கோதை, நான் தாளிச்சிர்றேன்" என்றார். அன்றைக்கு உரிக்க ஆரம்பித்தவள். இலக்கியா இப்போது நாலாம் வகுப்பு படிக்கிறாள். நான் இன்னும் உரித்து முடிக்கவில்லை.

அக்கா அடுப்பில், நான் சிங்க்கில். நறுக்குவது நான், அரைப்பது நான், கழுவுவது நான். கரண்டி மட்டும் என் கைக்கு வராது. அதற்காக அக்கா என்னைக் கடுமையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சியை மாடிக்குக் கொண்டுவந்து ஊட்டிவிடுகிற மனுஷி. போன ஐப்பசியில் எங்கம்மா வைக்கிற மாதிரி மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைக்க ஆசைப்பட்டேன். "புளியக் கரைச்சுக் குடு, நான் வச்சிர்றேன்" என்றார். வைத்தார். ரொம்ப நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றே இவரிடம், "எனக்கு ஒரு அடுப்பு வேணும்" என்று சொன்னேன். இவர் அண்ணனிடம் சொன்னார். மச்சாண்டார் மறுபேச்சில்லாமல், "பால்கனி சும்மாதானடா கெடக்கு, சுவரு எழுப்பிக்க" என்றுவிட்டார். ரெண்டு நாள் கழித்து அக்கா, "சிங்க்கு பெருசாப் போட்டுக்க கோதை. உனக்குக் கழுவத் தோதா இருக்கும்" என்றார். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பெரிய சிங்க்தான் வாங்கினேன்.

இன்று மேடைக் கல் ஏற்றி, சிங்க்கையும் உட்காரவைத்தாயிற்று. குழாயில் தண்ணீர் வருகிறது. வந்த தண்ணீர் போகத்தான் வழி இல்லை. சிங்க்குக்கு அடியில், கபோர்டுக்குள், அந்த இணைப்பு வேலை ஒன்றுதான் பாக்கி. தைப்பூசத்தன்று பால் காய்ச்ச வேண்டும். தாராளமாக நாள் இருக்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

பிளம்பர் வேலுச்சாமி ஒரு சாக்குப் பையோடு வந்தார். எங்கள் வீட்டுக் குழாய் எல்லாம் அவர் கை பட்டதுதான். கபோர்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினார். சிங்க்கின் ஓட்டையில் மேலேயிருந்து சொருகுகிற ஜாலி வைத்த வாய், அதை அடியிலிருந்து பிடித்துக்கொள்ள உள்ளங்கை அகலத்தில் ஒரு நட்டு, ரப்பர் வாஷர்கள், அப்புறம் வெள்ளையாகக் குண்டு பாட்டில் போல ஒன்று.

"இது எதுக்கு அண்ணே?" என்றேன்.

"இதுதான்மா டிராப். இதுக்குள்ள எப்பவும் ஒரு கை தண்ணி நின்னுக்கிட்டே இருக்கும். அது நிக்கிறதாலதான் சாக்கடை வாடையும் கரப்பானும் மேல ஏறி வராது. தண்ணி போகவும் போகணும், கொஞ்சம் நிக்கவும் நிக்கணும்."

வேலையை ஆரம்பிக்கப் போகிறார், கீழேயிருந்து அக்காவின் குரல். "வேலுச்சாமி! பணியாரம் ஊத்தியிருக்கேன். ஆறிப்போகும், வா."

போனார். பணியாரக் கல்லில் எத்தனை ஈடு ஊற்றினாரோ, நான் போய்ப் பார்த்தபோது மாவுச் சட்டி காலி. வேலுச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு அவசர வேலைம்மா, போன் வந்துருச்சு" என்று வண்டியை எடுத்தார்.

பையை மேலேயே வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். நாளைக்கு வருவார்.

ஜனவரி 21, புதன்

வரவில்லை. கீழே சின்ன வெங்காயம் உரித்தேன்.

ஜனவரி 22, வியாழன்

வந்தார்! வெளிப்பக்கத்துக் குழாயை இறக்கியாயிற்று. அதிலும் ஒரு பஞ்சாயத்து. பின்சந்துப் பக்கமாக இறக்கினால் கண்ணுக்குத் தெரியாது என்று வேலுச்சாமி சொன்னார். அக்கா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "வேணாம். என் அடுப்படி ஜன்னல் ஓரமா விடு" என்றார்.

"ஜன்னல் ஓரம்னா சத்தம் கேக்கும்க்கா. மேல இவங்க தண்ணி விட்டா உங்களுக்கு மடமடன்னு கேக்கும்."

"கேக்கட்டும். சந்துப் பக்கம் சுத்திப் போனா வாட்டம் கிடைக்காதுல்ல?"

வாட்டம் என்றால் தண்ணீர் தானாக இறங்கிப் போகிற சரிவு. அக்காவுக்கு இதெல்லாம் எப்போது தெரிந்தது? வேலுச்சாமி தலையைச் சொறிந்துகொண்டு ஜன்னல் ஓரமாகவே இறக்கினார். பசை காய வேண்டும், உள்வேலையைச் சனிக்கிழமை பார்க்கலாம் என்று போய்விட்டார். போகும்போது அவர் கையில் ஒரு தூக்குச் சட்டி. யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 24, சனி

வேலுச்சாமி வரவில்லை. இவர் சாயங்காலம், "இந்தத் திண்டுக்கல்லுல வேற பிளம்பரே இல்லையா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "நம்ம வீட்டு லைன் அவருக்குத்தான் தெரியும். புது ஆள் வந்து எதையாவது உடைச்சா நீங்க ஒட்டுவீங்களா?" என்றேன். இவர் டிவியைப் போட்டார்.

அது கிடக்கட்டும். இன்று நடந்த கூத்தை எழுத வேண்டும்.

காஸ் அடுப்பு இணைத்தாயிற்றே, ஒரு ரசமாவது வைத்துப் பார்ப்போம் என்று மத்தியானம் தோன்றியது. சிங்க்கின் ஓட்டைக்கு நேர் கீழே ஒரு வாளியை வைத்து, தக்காளியைக் கழுவக் குழாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ரசம் பொங்கியது. பாத்திரத்தை இறக்க ஓடினேன். இறக்கினேன். உப்புப் பார்த்தேன். உப்புப் போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை போட்டேன். குழாய் ஞாபகமே இல்லை.

வாளி நிரம்பி, கபோர்டு நிரம்பி, தரையெல்லாம் தண்ணீர். பால்கனியாக இருந்தபோது மழைத் தண்ணீர் போக வைத்த பழைய தூம்பு ஒன்று மூலையில் அப்படியே இருக்கிறது. எல்லாம் அது வழியாகப் போய், கீழே அக்கா தகரத்தில் காய வைத்திருந்த மோர் மிளகாய் மேல் கொட்டியிருக்கிறது.

அக்கா படியேறி வந்தார். சமையலறை கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அவர் மேலே வந்ததே இல்லை. திட்டப் போகிறார் என்று நின்றேன். கையில் சாக்குத் துணி. குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"மிளகாய் நனைஞ்சிருச்சாக்கா?"

"நனைஞ்சா மறுபடி காயுது. வெயிலுக்கா பஞ்சம்?"

இரண்டு பேரும் சேர்ந்து துடைத்தோம். துடைத்த பிறகு இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அஞ்சறைப் பெட்டிய அடுப்புக்கு இந்தப் பக்கம் வையி. சோத்தாங்கைக்கு எட்டணும்" என்றார். அப்புறம், "நீ போயிச் சேலைய மாத்து, நனைஞ்சு கெடக்க. நான் இந்த வாளியக் கொட்டிட்டுப் போறேன்" என்றார். நான் சேலையை மாற்றிவிட்டு வருவதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

ரசத்தை இவர் ஒரு வாய் குடித்தார். ரொம்ப மரியாதையாக டம்ளரைக் கீழே வைத்து, "கீழ ரசம் இருக்கா?" என்று கேட்டார்.

ஜனவரி 25, ஞாயிறு

அஞ்சறைப் பெட்டியை மாற்றி வைத்தேன். அக்கா சொன்னது சரிதான்.

ஜனவரி 27, செவ்வாய்

வேலுச்சாமி காலையிலேயே வந்தார். இன்றைக்கு முடித்துவிட்டுத்தான் மறுவேலை என்றார். பையைக் கவிழ்த்தார். எல்லாம் இருக்கிறது. அந்தப் பெரிய நட்டைக் காணோம்.

"இங்கதான வச்சேன்! நட்டு நடந்தா போகும்?"

கபோர்டுக்குள், பீரோவுக்கு அடியில், இலக்கியாவின் பள்ளிக்கூடப் பையில்கூடத் தேடினோம். சனிக்கிழமை வெள்ளத்தில் தூம்பு வழியாகப் போயிருக்குமோ என்றேன். "அவ்வளவு பெரிய நட்டு அந்த ஓட்டையில போகாதும்மா" என்றார். தனியாக அந்த நட்டு கிடைக்காதாம். இது பெரிய சிங்க், அதற்கென்று வருகிற செட்டோடுதான் வாங்க வேண்டுமாம். கடையில் சொல்லி வரவழைக்கலாம் என்றார்.

அக்கா காபியோடு படியில் பாதி ஏறி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காபியைக் கொடுத்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, "ஏன் வேலுச்சாமி, இந்த வருசம் பழனிக்கு நடக்கலையா?" என்றார்.

"எங்கக்கா. வேலை கெடக்குதே."

"வேலை எங்க போயிரும்? வருசா வருசம் நடந்த காலு. நீ நின்னுட்டன்னா முருகன் என்ன நெனப்பாரு?"

வேலுச்சாமி காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். அந்த முகத்தைப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தபோது அவர் பழனிக்குப் பாதி வழி போயிருந்தார். அக்கா ஒரு மஞ்சள் துண்டும் ரெண்டு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்து அனுப்பினார். "பூசம் முடிஞ்சு வந்து மொத வேலை உங்களுதுதாம்மா" என்று என்னிடம் கும்பிட்டார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நத்தம் பக்கமிருந்து பாதயாத்திரைக் கூட்டம் நம் தெரு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டது. வாசலில் பானை வைத்து அக்கா மோர் கரைக்க, நான் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு காவடிக்காரர் மோரைக் குடித்துவிட்டு, "அக்காளும் தங்கச்சியும் நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் ஓரகத்திகள் என்று இரண்டு பேருமே திருத்தவில்லை. பொழுது போனதே தெரியவில்லை.

ஜனவரி 29, வியாழன்

இவர் ஒரு போன் நம்பரோடு வந்தார். மண்டிக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருக்கிற பிளம்பராம். கூப்பிட்டால் அரை மணியில் வருவாராம். "வேணாம்" என்றேன்.

"பூசம் ஞாயித்துக்கிழமை. எப்பத்தான் முடிக்கப் போற?"

"நானே மாட்டிக்கிறேன்."

இவர் சிரித்தார். சிரித்தது தப்பு. போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். ஒருத்தி சிங்க்குக்கு அடியில் படுத்துக்கொண்டு, தேங்காய் துருவுகிற மாதிரி சாதாரணமாக எல்லாவற்றையும் மாட்டுகிறாள். எந்த வாஷர் எங்கே, எது முதலில், எது பிறகு. கையால் முறுக்கினாலே போதும், ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் விண்டுவிடும் என்கிறாள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நம்மால் முடியும்.

நட்டுதான் வேண்டும்.

ஜனவரி 30, வெள்ளி

இட்லிக்கு ஊறப்போடக் கீழே போனேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தார். உளுந்து டப்பாவைத் திறந்து அளக்கிற படியை விட்டேன். டங்கென்று சத்தம். கிளறிப் பார்த்தேன்.

நட்டு.

கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு இருந்த இடத்திலேயே வைத்து, மேலே உளுந்தைத் தள்ளி, மூடிவிட்டேன். 

உளுந்து ஊறப்போடவில்லை. "இன்னைக்குச் சப்பாத்தி போடுவோமாக்கா?" என்றேன். அக்கா என்னையும் டப்பாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி" என்றார். சப்பாத்தியை இன்று ரெண்டு பேருமே பேசாமல் தேய்த்தோம். அவர் சுடவேண்டிய நேரம் வந்ததும், "நீ சுடு" என்று கரண்டியை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. "நீங்களே சுடுங்கக்கா" என்றேன். எனக்கு என்னமோ அழுகை வருகிற மாதிரி இருந்தது. வெங்காயம் உரித்ததால் இருக்கும்.

ஜனவரி 31, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கை இன்னும் வலிக்கிறது.

ஆண்கள் மண்டிக்குப் போன பிறகு, கோணிச் சாக்கைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு கபோர்டுக்குள் மல்லாக்கப் படுத்தேன். நட்டு இல்லாமல் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. சும்மா சிங்க்கின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. கபோர்டு வாசலில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

"கோதை."

"என்னக்கா?"

முந்தானை முடிச்சு அவிழ்கிற நேரம். பிறகு ஒரு கை உள்ளே நீண்டது. உள்ளங்கையில் நட்டு. அதன் மரையில் ஒரு உளுந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது கீழ கெடந்துச்சு."

"எங்க கெடந்துச்சு?"

"கெடந்துச்சு."

"டப்பாலயாக்கா?"

நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். அக்கா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பியிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறி எழுந்து, மேடைக் கல்லில் நச்சென்று மண்டையை இடித்துக்கொண்டேன். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் இடித்துக்கொண்டதும் அடக்க முடியாமல் போய்விட்டது. எனக்கும்தான். தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நேத்து நீ டப்பாவத் தொறந்தது எனக்குத் தெரியும். எடுத்துக்கிட்டுப் போயிருப்பன்னு பாத்தேன். பாத்தா உள்ளயே கெடக்கு. ஏன்டி எடுக்கல?"

"நீங்க ஏன் வச்சீங்க?"

அக்கா நட்டை உருட்டிக்கொண்டே பேசினார். "இவ போயிட்டா பாத்திரம் கழுவ ஆளு இல்லன்னு வச்சேன்னு நெனச்சிருப்ப. பாத்திரத்துக்கு ஆள் வச்சுக்கலாம்டி. பேச்சுக்கு ஆள் வைக்க முடியுமா? முகிலனும் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போயிட்டான். உங்க மச்சாண்டாரு வீட்டுக்கு வந்தா வெங்காய மூட்டை மாதிரிதான் உக்காந்திருப்பாரு. நான் அடுப்புல நின்னுக்கிட்டு என்னத்தையாவது பேசுவேன். நீ சிங்க்குல நின்னு ம் கொட்டுவ. அது இல்லாம எப்படிச் சமைக்கிறதுன்னே எனக்குத் தெரியல. உப்பு மறந்துபோகும்போல இருக்கு."

"அதான் குழாயை ஜன்னல் ஓரம் விடச் சொன்னீங்களா?"

"மேல நீ தண்ணி விட்டா எனக்குத் தெரியணும்ல. இப்பக் கழுவுறா, இப்ப அரிசி களையிறான்னு."

 நானும் சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று பட்டது.

"அக்கா, எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. ஆனா எனக்குச் சமைக்கணும்க்கா. கெட்டுப் போனாலும் நானே கெடுக்கணும். கல்யாணமாகி இத்தனை வருசத்துல இந்தக் கையால ஒரு குழம்பு வச்சதில்ல. இலக்கியா அம்மா சமையல்னு சொல்றது உங்க சமையலத்தான்."

அக்கா நட்டை உருட்டுவதை நிறுத்தினார். "இத நீ ஒருநாளும் எங்கிட்ட வாய் தொறந்து கேக்கலையே" என்றார். "நான் என்னமோ, சின்னப் பொண்ணு, அடுப்பு வேக்காட்டுல நிக்க வேணாம்னு நெனச்சேன். எங்க மாமியா என்னய நிக்க வச்ச மாதிரி உன்னய நிக்க வைக்கக் கூடாதுன்னு."

அப்படி ஒரு கணக்கு அவர் மனதில் இருந்தது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை.  பிறகு அக்கா சேலையைத் தூக்கிச் சொருகினார். "எந்திரி. மாட்டுவோம். நான் என்ன செய்யணும் சொல்லு."

அடுத்தது ஒரு யுத்தம். அக்கா மேலேயிருந்து அந்த வாயை ஓட்டையில் சொருகி அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் அடியிலிருந்து வாஷரைக் கோர்த்து நட்டை முறுக்கினேன். நட்டோடு சேர்ந்து எல்லாமே சுற்றியது.

"அக்கா, சுத்தாதீங்க!"

"நான் எங்கடி சுத்துறேன், அதுவா சுத்துது!"

கடைசியில் ஜாலிக்குள் ரெண்டு கரண்டிக் காம்பைக் குறுக்கே கொடுத்து அக்கா இழுத்துப் பிடிக்க, நட்டு இறுகி உட்கார்ந்தது. அடுத்தது பாட்டில் டிராப். அதன் கழுத்தை மேலே மாட்டியாயிற்று. சுவருக்குப் போகிற குழாய் கொஞ்சம் நீளம். மச்சாண்டாரின் பெட்டியிலிருந்து ஆக்சா பிளேடைக் கொண்டுவந்து அக்காவே அறுத்தார். சுரைக்காய் நறுக்குகிற நேர்த்தி.

மாட்டிவிட்டு அடியில் காய்ந்த பேப்பரை விரித்தோம். சிங்க் ஓட்டையைத் துணியால் அடைத்து, நிறையத் தண்ணீர் பிடித்து, துணியைச் சட்டென்று உருவினேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. பேப்பரில் ஒரு பொட்டு ஈரம். அப்புறம் இன்னொரு பொட்டு.

கழற்றினோம். வாஷரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் சரிவாக இருக்கிறது. அந்தச் சரிவு குழாயின் வாயைப் பார்த்து உட்கார வேண்டும். நான் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். அதைத் திருப்பிப் போட இடது பக்கமிருந்தும் யாராவது தாங்க வேண்டியிருந்தது. அக்காவும் கபோர்டுக்குள் வந்து படுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஆண்கள் சாப்பாட்டுக்கு வந்தார்கள். கீழே சோறும் இல்லை, ஆளும் இல்லை. தேடிக்கொண்டு மேலே வந்தவர்கள் கண்டது கபோர்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாலு கால்கள். "யாத்தே!" என்று மச்சாண்டார் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். "சோறு ஆக்கல. போயி ஓட்டல்ல வாங்கிட்டு வாங்க, எங்களுக்கும் சேத்து" என்று உள்ளேயிருந்து அக்கா சொன்னார்.  செருப்புச் சத்தம் மட்டும் இறங்கிப் போனது.

இரண்டாம் தடவை தண்ணீர் பிடித்தோம். அக்கா ஓட்டமாகக் கீழே போனார். நான் துணியை உருவினேன்.

"வருதுடி! கோதை, வருது! மடமடன்னு வருது!"

பேப்பரைத் தடவினேன். கரகரவென்று காய்ந்து கிடந்தது. இன்னொரு சிங்க் நிறையப் பிடித்து விட்டேன். கீழேயிருந்து மறுபடி, "வருது!" மூன்றாவது தடவை தேவையே இல்லை. அதையும் விட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம்

பால் பொங்கியது. பாயசம் நான்தான் கிண்டினேன். அக்காவின் கை தன்னால் கரண்டி பக்கம் போனது. பாதி வழியில் நிறுத்தி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பாயசம் லேசாக அடிப்பிடித்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே!

புது ஏற்பாடு: காலையும் மத்தியானமும் கீழே, எப்போதும்போல. ராத்திரிச் சாப்பாடு எல்லாருக்கும் மேலே, என் கையால். சொன்னது அக்கா.

பிப்ரவரி 4, புதன்

வேலுச்சாமி பஞ்சாமிர்தத்தோடு வந்தார். காலில் கொப்புளம். கபோர்டைத் திறந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தார். "யாரும்மா மாட்டுனது?"

"நாங்கதான்."

"நட்டு?"

"கெடந்துச்சு" என்றார் அக்கா.

"நல்லா மாட்டியிருக்கீங்க. இனி எனக்கு இந்த வீட்டுல என்ன வேலை?" என்று வருத்தப்பட்டார். அக்கா பணியாரம் ஊற்றினார்.

பிப்ரவரி 6, வெள்ளி

கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. உப்பு சரி. புளிதான் கூடிவிட்டது. இவர் கீழே குழம்பு இருக்கிறதா என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

தோசையும் தக்காளிச் சட்னியும். மச்சாண்டாரும் இவரும் முதலில் சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். இலக்கியா தூங்கிவிட்டாள். அக்காவைத் தட்டு வைத்து உட்காரச் சொன்னேன்.

"நீ ஊத்தி வையி. ரெண்டு பேரும் சேந்து சாப்பிடுவோம்."

"ஆறிரும்க்கா. உக்காருங்க."

கல்லிலிருந்து எடுத்த தோசையை நேராகத் தட்டில் போட்டேன். அக்கா ஒரு ஓரத்தைப் பிய்த்தார். சுட்டுவிட்டது. கையை உதறி, ஊதி, வாயில் போட்டார். அப்புறம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்னியில் காரமோ என்று பயந்துபோனேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடி. இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து, கல்லுலருந்து எடுத்த தோசைய உக்காந்து தின்னதில்ல. எல்லாருக்கும் ஊத்தி முடிச்சிட்டுத் திங்கும்போது விறைச்சுப் போயிருக்கும். தோசைன்னா இப்படித்தான் இருக்கும்னே மறந்துபோச்சு."

 அடுத்ததை ஊற்றினேன். "போதும்" என்றார். போட்டேன். அதற்கடுத்து அவரே, "இன்னொண்ணு ஊத்து. கொஞ்சம் முறுகலா" என்றார். நான் ஊற்ற ஊற்ற, அவர் சாப்பிட்டுக்கொண்டே முகிலனின் விடுதிச் சாப்பாடு, எதிர்வீட்டுக் கல்யாணம், அவருடைய மாமியார் ஒருமுறை கோபித்துக்கொண்டு அம்மிக்கல்லோடு பிறந்த வீட்டுக்குக் கிளம்பிய கதை என்று பேசிக்கொண்டே போனார். நான் என் தோசையைச் சுட்டு, அடுப்பு மேடையில் நின்றபடியே சாப்பிட்டு, பாத்திரங்களைச் சிங்க்கில் போட்டுத் தேய்க்கவும் ஆரம்பித்துவிட்டேன். பேச்சு நிற்கவில்லை. நானும் ம் கொட்டுவதை நிறுத்தவில்லை.

கீழேயிருந்து மச்சாண்டார் கூப்பிட்டார். "வசந்தா! இன்னும் என்ன பண்ற? வாசல் பூட்டலையா?"

"நீங்களே பூட்டுங்க" என்று அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்ல."

அவர் தட்டு காலியாகிக் காய்ந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.